அடியளவு அறிந்து ஓடுதல்

ஓடுபாதையை ஒருமுறை முழுதும் சுற்றி வருவது 400 மீட்டர்த் தடையோட்டம். அவ்வழியில் 10 தடைகள் நிற்கும். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடை 45 மீட்டர்த் தொலைவில் உள்ளது. பின்னர்த் தடைக்குத் தடை 35 மீட்டர். பத்தாம் தடையிலிருந்து முடிவுக் கோடு 40 மீட்டர். ஆடவர்க்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், மகளிர்க்கு 76.2 சென்டிமீட்டர். ஆடவர் 110 மீட்டர் ஓட்டத்தில் கடக்கும் தடை 106.7 சென்டிமீட்டர் உயரமுடையது. அதனோடு ஒப்பிட, இது தாழ்ந்ததே. தாழ்ந்திருத்தல் கண்டு இதனை எளிதென்று எண்ணுவோர் பலர். முதல் ஐந்து தடைகள் வரை அவர்தம் எண்ணம் பொய்ப்பதில்லை.

தமிழில் இப்பந்தயத்திற்கு வழங்கும் பெயரும் ஓரளவு மயக்கம் தருவதாகும். நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், தடை தாண்டுதல் என மூன்றனையும் ஒரே வினைச்சொல்லால் வழங்குகின்றனர். முன்னைய இரண்டினும் உடலை மேலே எழுப்புதலே தொழில். மூன்றாவதிலோ உடல் மேலே எழுமளவிற்கு இழப்பு மிகும். தடையின்மீது பறப்பவன் அப்பொழுது ஓடுகிறான் அல்லன்; நிலத்தில் கால் ஊன்றினாலன்றி எவனும் விரைவைப் பெருக்க இயலாது. ஆதலின் தேர்ந்த வீரர்கள் தடையைத் தாண்டுவதில்லை. ஓடுகின்ற ஓட்டத்திலேயே ஓர் அடியைச் சற்று நீட்டி அதனைக் கடந்து செல்கின்றனர். தடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்னரே கால் எழும். தடைக்கு அப்பால் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரில் நிலம் பற்றும். தடையை நெருங்கியபின் எழுபவன் செங்குத்தாக எழ வேண்டும். எழுந்தவன் அவ்வாறே விழவும் வேண்டும். இவ்விரண்டிற்கும் செலவாகும் காலத்தை அவனுடைய எதிரி ஓடுவதற்குப் பயன்படுத்திக் கொள்வான். தடையோட்டம் என்னும் பெயரே இதற்குப் பொருந்துவது. பள்ளி மைதானத்தில், "தாண்டு, தாண்டு" என்று கூவும் குரல்களை விடுத்து, "ஓடு" என்று கூவினால் மாணவர் பலர் ஒரு பிழையினின்றும் நீங்குவர்.

தடையில் கால் படுவது குற்றமோ எனின், இக்காலத்தில் அன்று. முன்புறமாக 3.6 முதல் 4 கிலோ எடையளவு விசை பட்டால் கவிழுமாறே தடையை அமைக்கின்றனர். ஓடும்போது கால் பட்டுத் தடை வீழ்ந்தது என்பதற்காக மட்டும் ஓடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆயின் காலானது தடையின் பக்கவாட்டில், மேற்கட்டைக்குக் கீழாகச் சென்றால் அவர் பந்தயத்தினின்றும் நீக்கப்படுவார். பண்டைய விதி இன்னும் கடுமையானது. 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அயர்லாந்து நாட்டின் பாப் டிஸ்டால் 51.7 வினாடியில் வென்று பொற்பதக்கம் பெற்றார். அஃது எவரும் அதுகாறும் ஓடாத காலம். எனினும் இறுதித் தடையை அவர் வீழ்த்திவிட்டமையால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. அவருக்குப் பின் இரண்டாவதாக வந்த கிளென் ஹார்டினே உலகச் சாதனையாளர் என எழுதப்பெற்றார். வென்றவர் ஒருவர், சாதித்தவர் மற்றொருவர் என்னும் இவ்விந்தையான முடிவு பந்தய வரலாற்றில் மிக அரிது. அவ்விதி மாறியது நன்றே. ஆயினும் கால் இடறின் விரைவு குன்றுதல் இயற்கையின் விதி. அதனை எந்தக் கழகமும் மாற்ற இயலாது.

இனி அடியளவைக் காண்போம். இப்பந்தயத்தின் உயிர்நிலை அதுவே.

தடைக்குத் தடை உள்ள 35 மீட்டரில், கடக்கும் பாய்ச்சலுக்கு மூன்றரை மீட்டரளவு கழியும். எஞ்சிய தொலைவை ஓடுபவர் எண்ணி வைத்த அடிகளால் நிரப்ப வேண்டும். 13 அடிகளால் நிரப்புபவருக்கு ஓரடி ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம் வேண்டும். 15 அடிகளுக்கு 2.1 மீட்டர் போதும். 17 அடிகளுக்கு 1.85 மீட்டர் அளவினதாக இருந்தால் அமையும். எண்ணிக்கை ஒற்றைப்படையாயின் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால் முன்னே செல்லும். இரட்டைப்படையாயின் ஒரு தடைக்கு இடக்காலும் அடுத்த தடைக்கு வலக்காலும் முன்செல்ல வேண்டிவரும். செய்யுளில் ஒரு சீர் நீண்டால் தளை தட்டும். அதுபோல் ஈண்டு ஓரடி குறைந்தாலும் மிகுந்தாலும் தடையின் முன்னே கால்கள் தடுமாறும். அடி என்னும் சொல் யாப்பிற்கும் ஓட்டத்திற்கும் பொதுவாய் அமைந்தது தமிழின் பேறு.

13 அடிகளின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் அமெரிக்க நாட்டு எட்வின் மோசஸ். அவர் பயின்ற மோர்ஹவுஸ் கல்லூரிக்குச் சொந்தமான ஓடுபாதையே இல்லை. பௌதிகம் பயின்ற அம்மாணவர் பிற பள்ளிகளின் மைதானங்களுக்குச் சென்று ஓடிப் பழகினார். 1976 மார்ச்சு மாதத்திற்கு முன் இப்பந்தயத்தை அவர் ஒரே ஒருமுறைதான் ஓடியிருந்தார். அவ்வாண்டு சூலை மாதத்தில் மான்டிரியல் ஒலிம்பிக்கில் 47.63 வினாடியில் உலகச் சாதனையுடன் வென்றார். பிறர் பாதி வழியில் 15 அடிகளுக்கு மாறிய அந்நாளில், அவர் முதல் இடைவெளி தொடங்கி இறுதி இடைவெளி வரை 13 அடிகளே வைத்தார். 1977-ஆம் ஆண்டு முதல் 1987-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து 122 ஓட்டங்களில் அவரை எவரும் வெல்லவில்லை. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை அவர் நாடு புறக்கணித்தமையால் அங்கே ஓடும் வாய்ப்பை இழந்தார்; 1984-இல் மீண்டும் பொன் வென்றார்.

இத்துணைப் பெருமை உடையவரைப் பின்பற்றுதல் தவறோ எனின், அவர் உழைப்பைப் பின்பற்றுதல் தவறன்று. அவர் எண்ணைப் பின்பற்றுதலே தவறு. 13 என்பது அவருடைய நெடிய கால்களுக்கும் இயல்பான நடைக்கும் பொருந்திய அளவு. அதனை மந்திர எண்போல் எண்ணி, வளரும் சிறுவர்மீது சுமத்துவோர் பலர் உளர். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இயல்பாக ஓடும்போது அவன் அடி 1.8 மீட்டர் நீளமுடையது எனக் கொள்வோம். அவனை 15 அடிகளில் ஓடுமாறு பணித்தால் ஒவ்வோர் அடியையும் அவன் தாவிச் செல்ல வேண்டும். தாவுபவன் விரைவாகத் தோன்றுவான், பார்ப்போர் கைகொட்டுவர். ஆறாம் தடையில் அவன் தொடை சோரும். எட்டாம் தடையில் அடி குறுகி, 16-ஆம் அடியில் தவறான கால் தடைமுன் வந்து நிற்கும். அக்காலால் கடக்க அவனுக்குப் பயிற்சி இல்லை. நின்று, குறுநடை இட்டு, மீண்டும் எழுவான். அன்றேல் தடையோடு வீழ்வான். மறுநாள் முதல், "இப்பந்தயம் எனக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுவான். அச்சிறுவனே 17 அடிகளில் ஓடியிருப்பின் பத்துத் தடைகளையும் ஒரே சீராகக் கடந்து, ஆண்டு தோறும் வளரும் உடலுக்கேற்ப 16, 15 என இறங்கி வந்திருப்பான். இவ்வாறு மைதானத்தை விட்டு நீங்கிய நல்ல ஓட்டக்காரர் எத்துணையரோ! அவர் பெயரைச் சாதனைப் பட்டியல் எதுவும் சொல்வதில்லை.

இதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. இரு கால்களாலும் தடையைக் கடக்கும் பழக்கம் பெறாதவன் எவ்வளவு வலியனாயினும் பாதி வீரனே. களைப்பு ஏற ஏற அடி குறுகுதல் எல்லார்க்கும் பொது. ஒருகாலை மட்டும் பழக்கியவன் 13-லிருந்து 15-க்கு ஒரேயடியாக இறங்க வேண்டியிருக்கும், அப்பொழுது அவன் நடை திடீரென்று சுருங்கும், விரைவு அறுந்துபோகும். இருகாலும் பழகியவனோ இடையில் 14 என்னும் படியில் கால்வைத்து மெல்ல இறங்கலாம். காற்று எதிர்த்து வீசினும், அருகில் ஓடுபவன் தடையை வீழ்த்தி மனத்தைக் கலைப்பினும் அவன் கலங்க வேண்டுவதில்லை. வலக்கையால் எழுதுபவன் இடக்கையால் எழுதக் கற்பது போன்ற வெறுப்பூட்டும் பயிற்சி இது என்பது உண்மை. ஆயினும் உடல் இளகியிருக்கும் பள்ளிப் பருவமே இதற்கு ஏற்றது.

வளைவில் ஓடும்போது இடக்காலை முன்செலுத்துவோர்க்கு ஒரு நன்மை உண்டு. ஓட்டம் இடப்புறமாக வளைந்து செல்வதால், அவர் தம் பாதையின் உட்கோட்டை ஒட்டியே ஓடலாம். வலக்காலை முன்செலுத்துவோரின் இடக்கால் பின்னே சுழன்று வரும். உட்கோட்டை ஒட்டி ஓடினால் அக்கால் தடைக்கு வெளியே சென்று விதியை மீறக்கூடும். அதனால் அவர் சற்று வெளியே விலகி ஓடுவர். விலகிய ஒவ்வொரு சாணும் மிகைத்தொலைவே. உள்வட்டப் பாதையில் வளைவு மிகக் கூரியது. வீரர் அதனை விரும்புவதில்லை. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின் இறுதி ஓட்டத்தில் உகாண்டா நாட்டு ஜான் அக்கி-புவாவிற்கு அந்த முதல் பாதையே கிடைத்தது. அவர் அங்கிருந்தே ஓடி 47.82 வினாடியில் வென்றார். 48 வினாடிக்குள் இப்பந்தயத்தை ஓடிய முதல் மனிதர் அவரே. அவர் நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பொற்பதக்கமும் அதுவே.

ஆற்றலை எவ்வாறு பங்கிட்டு ஓடுவது என்பதில் இருவேறு கொள்கைகள் உள்ளன. முதற்பாதியில் அடங்கி ஓடி, ஆற்றலைச் சேமித்து, இறுதியில் வெளிப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. புறப்பட்டது முதல் விரைந்து, எதிரிகள் அஞ்சுமாறு முன்னே செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது கேட்பதற்கு அறிவுடைமையாகத் தோன்றும். தடையில்லா ஓட்டத்தில் அதற்கு ஓரளவு இடமும் உண்டு. தடையோட்டத்தில் அது பொருந்தாது. ஏனெனில், அடக்கி ஓடினால் அடி குறுகும். அடி குறுகினால் முதல் தடையிலேயே எண்ணிக்கை தவறும். 13 அடிகளில் செல்பவர் முதல் தடைக்குமுன் உள்ள 45 மீட்டரை 20 முதல் 22 அடிகளில் முடிப்பர். அவ்வெண்ணிக்கை தாமே ஒரு விரைவை வேண்டி நிற்கின்றது. அதற்குக் குறைந்தால் தடை எட்டாது. மிகுந்தால் தடை நெருங்கிவிடும். எனவே ஓட்டத்தின் விரைவை முதலிற் குறிப்பது எண்ணிக்கையே. வீரன் விருப்பம் அதற்குப் பின்னரே வரும்.

48 வினாடியில் முடிக்கும் ஒருவருடைய ஓட்டத்தைப் பகுத்துப் பார்த்தால் இது விளங்கும். முதல் தடையைக் கடந்து அவர் கால் ஊன்ற 6 வினாடிக்குச் சற்றுக் குறைவாகும். அடுத்து வரும் இரண்டு மூன்று இடைவெளிகளுக்கு 4 வினாடி நிரம்பாது. ஐந்தாம் தடைக்குப்பின் ஒவ்வோர் இடைவெளியும் சிறிது சிறிதாக நீளும். இறுதி இடைவெளிக்கு நாலரை வினாடியளவு ஆகும். இறுதியில் எவரும் விரைவதில்லை. பிறரை முந்திச் செல்பவராகத் தோன்றுபவர் உண்மையில் பிறரினும் குறைவாகத் தளர்பவரே. உடல் உயிர்வளியைப் பெறும் வேகத்தினும் மிகுதியாக ஆற்றலைச் செலவிடுவதால், தசைகளில் அமிலத்தன்மை ஏறிக் கால்கள் கனக்கின்றன. அத்தளர்ச்சியைத் தடுக்க இயலாது. அது வரும் இடத்தை முன்னரே அறிந்து, அதற்கு ஒரு தடை முன்னதாகவே அடியை மாற்றிக்கொள்ளுதல் இயலும். 15-க்கு மாறுவதென்று தானே முடிவு செய்து மாறுபவனுக்கு இழப்புச் சிறிது. களைப்பு அவனை மாற்றும்வரை காத்திருப்பவனுக்கு இழப்புப் பெரிது.

இங்கிலாந்து நாட்டு டேவிட் ஹெமரியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் முதல் ஆறு தடைகள் வரை 13 அடிகளும், பின்னர் 15 அடிகளும் வைத்து ஓடி, 48.12 வினாடியில் உலகச் சாதனை படைத்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வினாடி இருந்தது. நான்காண்டுகளுக்குப்பின் மியூனிக்கில் தொடக்கத்திலேயே விரைந்து முன்னணியில் சென்றார். இறுதி நேர்ப்பாதையில் அக்கி-புவா அவரைக் கடந்தார். கோட்டருகே அமெரிக்கர் ரால்ப் மானும் கடந்தார். மானுக்கு 48.51, ஹெமரிக்கு 48.52. ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு வெள்ளியை வெண்கலமாக்கியது.

பிற்கால வீரர் அடிகளின் எண்ணிக்கையை இன்னும் குறைத்துப் பார்த்தனர். 1992-இல் பார்சிலோனாவில் கெவின் யங், நான்காம் ஐந்தாம் தடைகளுக்கு 12 அடிகள் வைத்து, இறுதித் தடையில் கால் இடறியும் 46.78 வினாடியில் முடித்தார். அச்சாதனை 2021 வரை நின்றது. அவ்வாண்டு டோக்கியோவில் நார்வே நாட்டுக் கார்ஸ்டன் வார்ஹோம் 45.94 வினாடியில் ஓடினார். மூன்றாவதாக வந்தவருடைய 46.72 கூட யங்கின் அளவினும் சிறந்ததாயிற்று. வார்ஹோம் தொடக்கம் முதலே விரையும் கொள்கையினர். அக்கொள்கை 2024-இல் பாரிசில் அவருக்கு முதலிடம் தரவில்லை. ராய் பெஞ்சமின் 46.46 வினாடியில் வென்றார்.

மகளிர்க்கு இப்பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது 1984-ஆம் ஆண்டில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த அவ்விறுதி ஓட்டத்தில் கேரள நாட்டுப் பய்யோலியைச் சேர்ந்த பி. டி. உஷா ஓடினார். ஒருவர் துப்பாக்கி ஒலிக்குமுன் புறப்பட்டமையால் ஓட்டம் மீண்டும் தொடங்கப்பெற்றது. மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கில் 54.61 வினாடியில் வென்றார். மூன்றாம் இடத்தை 55.41 வினாடியில் ருமேனிய வீராங்கனை பெற்றார், 55.42 வினாடியில் உஷா நான்காமவரானார். இதனை ஊழின் கொடுமை என்று கூறி வருந்துதல் இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கூறுவது அவ்வீராங்கனையின் உழைப்பை உயர்த்துவதாகாது. கோட்டருகே மார்பை முன்னே சாய்த்து முடித்தல் கற்பிக்கத்தக்க ஒரு தொழில். பத்தாம் தடைக்குப் பின்னுள்ள 40 மீட்டர் பந்தயத்தின் பத்தில் ஒரு பங்கு. பள்ளிகளில் பயிற்சி பெரும்பாலும் பத்தாம் தடையோடு முடிந்துவிடுகின்றது. தடையைக் கடந்ததும் மாணவர் இடுப்பிற் கைவைத்து நின்றுவிடுகின்றனர். கடக்காத அந்த 40 மீட்டரைக் கால்கள் எங்ஙனம் அறியும்?

இப்பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தடைகள் போதாத பள்ளியில் இரண்டு செங்கல் அடுக்குகளின்மேல் மெல்லிய மூங்கிற்கழியைத் தாழ வைக்கலாம். கால் பட்டவுடன் உருண்டு விழ வேண்டும் என்பதே கருதத்தக்கது. கால் எழ வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு இட வேண்டும். ஏற்றம் இறைப்போர் பாட்டினால் சால்களை எண்ணியது போல, மாணவரும் வாய்க்குள் அடிகளை எண்ணி ஓடிப் பழகுதல் நலம். முதலில் 200 மீட்டர் விரைந்து ஓடவிட்டு, மூச்சு வாங்கும் நிலையிலேயே இறுதி மூன்று தடைகளைக் கடக்கச் செய்தல் வேண்டும். புத்துணர்வோடு கடந்த தடைகளைக் கொண்டு எவரையும் மதிப்பிடல் ஆகாது. ஒவ்வொரு தடைக்கு அப்பாலும் கால் ஊன்றும் நேரத்தை ஆசிரியர் குறித்து வைத்தால், எத்தடையில் அடியை மாற்ற வேண்டும் என்பதை அக்குறிப்பே காட்டிவிடும்.

உஷாவின் 55.42 வினாடி இந்தியச் சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. தமிழகத்தார் இப்பந்தயத்தில் பின்தங்கியவர் அல்லர். திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த தருண் அய்யாசாமி 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 48.96 வினாடியில் வெள்ளி வென்றார். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சீனத்தின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தபோது, கடிகாரம் அதே 55.42 வினாடியைக் காட்டியது. மறுநாள் இறுதி ஓட்டத்தில் அவர் 55.68 வினாடியில் வெண்கலம் பெற்றார்.